ரிக்ஷாக்காரன் பேச்சு

மணப்பாட்டுக் கடற்கரைக்குப் பின்னால், பனைகளுக்கு இந்தப் பக்கம் எங்க தெரு. சந்திரபாபுவை ‘நம்ம பக்கத்துப் பையன்’ என்றுதான் அங்கே சொல்வார்கள். 1927இல் தூத்துக்குடியில் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர், எங்க சாதியில்லை. ஆட்டம், பாட்டு, நகைச்சுவை எல்லாம் கைவந்தவர். தன் பாட்டைத் தானே பாடினார். 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார். 1974இல் இறந்தார்.

1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் அவருக்கு இரட்டை வேடம். ஒருவன் மெட்ராஸ் ரிக்ஷாக்காரன். பல வருசம் கழித்து டூரிங் கொட்டகை மணலில் சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 1973இல் அரசு கை ரிக்ஷாவை ஒழிக்கிற வரைக்கும் மெட்ராசில் அதை இழுத்தவர் அவர். திரையில் அந்தப் பேச்சைக் கேட்டதும் குலுங்கிச் சிரித்தார். “அச்சு அசலாப் பேசுதாம்ல!” பின்னால் பெஞ்சுக்காரர்களும் சிரித்தார்கள். சித்தப்பா சட்டென்று அடங்கிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: “நான் அவன் நடிப்புக்குச் சிரிச்சேம்ல. அவனுவ நம்ம பேச்சுக்குச் சிரிச்சானுவ.”

அந்தக் கலைஞன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சிரிக்க வைக்க மட்டுந்தானா எங்க பேச்சு? அன்றிலிருந்து, கூட யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நான் சிரிக்கிறேன்.