பட்டமா, பைப்பா?

பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு ஏ.எல். ரிசல்ட் நல்லம்.
பேராதனை கெம்பஸ் கிடைக்கும்போல.

"மாமா, கெம்பஸ் போறதா, பிளம்பிங் படிக்கிறதா?"ன்னு கேக்கிறான்.

கேட்ட ஆளப் பாருங்க!
பி.ஏ. முடிச்சும், பைப் ஒழுகினா கண்டி டவுன் முழுக்க பிளம்பிங் பாஸைத் தேடி அலையிறவன் நான்.
கோல் எடுத்தாலும் "நாளைக்கு"ன்னுதான் சொல்லுவார். அவருக்கு அவ்வளவு வேலை.

2020ல அரசாங்கத்துல பட்டதாரிகள பயிலுநரா எடுத்தாங்களே, மாசம் 20,000 ரூபா.
அதுக்கும் எத்தனை போராட்டம், எத்தனை மகஜர்!

ஆனாலும் பேராதனையில படிக்கக் காசு கட்டத் தேவையில்ல.
இவன மாதிரி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் லேசுல திறக்கிறதும் இல்ல.

"போடா. லீவுக்கு வந்தா பைப் வேலையும் பழகு"ன்னேன்.
அவன் அம்மா முறைச்சாங்க.

நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?