அசையாத கை, நிலைத்த நோக்கு

தேர் அசைவது அழகு; படம் அசைவது அழகன்று. படுக்கையிலிருக்கும் என் தமக்கையாருக்குத் திருவாரூர் ஆழித்தேர் தரிசனம், நான் எடுத்தனுப்பும் காணொளி ஒன்றே.

கைப்பேசியிலுள்ள நடுக்கம் தணிக்கும் வசதி, சிறு நடுக்கத்தையே ஈடுசெய்யும். நடையின் குலுக்கலை முழுதும் தாங்காது. எனவே ஓரிடத்தில் நின்று, இரு கைகளாலும் பற்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விடுகிறேன். காட்சியைப் பெரிதாக்குவதில்லை, பெரிதாக்கினால் நடுக்கமும் பெரிதாகும்.

தீபாராதனையில் கேமரா, சுடரையும் புகையையும் மாறி மாறித் தேடும். முன்னரே திரையில் தியாகேசர் திருமுகத்தின்மீது விரலைச் சற்று அழுத்தி வைத்தால், பல கைப்பேசிகளில் குவியமும் ஒளியளவும் அங்கேயே நிலைத்துவிடும்.

“சுவாமி முகம் தெளிவாகத் தெரிந்ததடா” என்றார் தமக்கையார். அன்பர்களே, வர இயலாதோர் உங்கள் இல்லத்திலும் இருப்பர். அவர்களுக்காக ஒரு நிமிடம் அசையாது நிற்பதும் தொண்டே.