ஏலாக்குறிச்சிக்கு ஒரு நடைபாதை

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், அடைக்கல மாதா திருத்தலம் அமைந்துள்ளது. வீரமாமுனிவர் (1680–1747) திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடிய தலம் அது. பெருஞ்சாலையில் சிமெண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாது விரைகின்றன. கால்நடையாகச் செல்லும் திருப்பயணிகளுக்கு வயலோரப் பாதையே தஞ்சம். அதனைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது.

தவக்காலத்திற்கு முன், பங்கு இளைஞர்களை அழைத்துக்கொண்டு அரிவாளுடன் புறப்பட்டேன். வெட்டினால் போதும் என்று நான் எண்ணியது பிழை. அடிக்கட்டைகள் மழை கண்டதும் துளிர்த்து, முன்னிலும் அடர்ந்தன. மறு ஆண்டு கடப்பாரையும் மண்வெட்டியுமாகச் சென்று வேர்க்கட்டையோடு பெயர்த்தெடுத்தோம். குருமடத்தில் இக்கலையை எவரும் கற்பிக்கவில்லை!

நண்பகலில், செபமாலையும் கையுமாக ஒரு மூதாட்டி வெறுங்காலுடன் எதிரே வந்தார். "அந்தப் பக்கம் இன்னும் அரை மைலுக்கு முள்ளுதான் கெடக்குது, சாமி" என்றார்.

சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்த இளைஞர்கள் என் முகத்தைப் பார்த்தனர்.