கம்பிக்கு அந்தப் பக்கம்

எழும்பூர் அருங்காட்சியகத்தை எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் கவனித்துவந்த காலம். வளாகத்தில் உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தார். பாடம்செய்து வைத்திருந்தவற்றை எட்டிப் பார்க்காதவர்கள்கூட இவற்றைப் பார்க்கத் திரண்டார்கள். அதைக் கண்டதும், கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். 1855-ல் சென்னைக்கு மிருகக்காட்சிசாலை வந்தது இப்படித்தான். மரங்களுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1840களிலேயே எழுதியவர் அவர். பட்டணத்தில் அவருக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருந்திருக்கலாம்.

1861-ல் அந்த மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ் என்று ஊரே சொல்லும். வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு நடந்தே போய்விடலாம். பின்னால் மூர் மார்க்கெட்டும் வந்து சேர்ந்தபிறகு, பட்டணம் பார்ப்பதென்றால் பலருக்கு அந்த இரண்டும்தான்.

சிறு வயதில் அங்கே நான் பார்த்த புலி நினைவில் அப்படியே இருக்கிறது. கம்பியோரமாக நாலு எட்டு வைக்கும், திரும்பும், மறுபடி நாலு எட்டு. திரும்புகிற இடத்தில் அதன் தோள் உரசி உரசிக் கம்பி பளபளத்தது. வெளியே நின்றவர்கள் அது உறும வேண்டும் என்று சத்தம் போட்டார்கள், கடலை எறிந்தார்கள். அது யாரையும் பார்க்கவில்லை. விலங்கைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கிட்டம் முழுக்க நம் சௌகரியத்துக்காக ஏற்பட்டது; விலை கொடுத்தது புலி.

வண்டலூர்க் காப்புக்காட்டில் சுமார் 510 ஹெக்டேர் பரப்பில் புதிய பூங்காவை 1985-ல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பெரும்பாலான விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே கம்பி போய் அகழி வந்தது. பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில், யாரும் கொண்டுவந்து விடாத நீர்ப்பறவைகளும் தாமாக வந்து இறங்குகின்றன. இந்த இடமாற்றம் நடந்தே தீர வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்குத் தூரமும் செலவும் கூடியது உண்மை. அதற்கு ஈடாகப் பட்டணத்துக்குள் ஒன்றும் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அகழியும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2021 ஜூனில் கொரோனா அங்கிருந்த சிங்கங்களைத் தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற சிங்கமும் போயிற்று. மரபணுவைச் சோதித்தபோது, அப்போது மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை என்று தெரிந்தது.

“அவ்வளவு தூரம் நடந்தும் கரடி கண்ணில் படவே இல்லை” என்று அலுத்துக்கொள்பவர்களை இப்போதும் கேட்கிறேன். நிழலில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ள அதற்கு உரிமை இருக்கிறது. உச்சி வெயிலில் போகாதீர்கள், காலையில் கதவு திறந்ததும் போங்கள். எல்லா அடைப்பையும் சுற்றி முடிக்க ஓடாமல், ஒரே இடத்தில் அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.