காலிகோ விட்டுப்போனது

வெள்ளி இரவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. குபர்நெட்டீஸ் போட வந்த வெண்டர் பையன்கள் பூந்தமல்லி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கிளஸ்டர் அரைகுறையாக நிற்கிறது. டெஸ்பாட்ச்சில் பார்கோடு பிரிண்டர்கள் சில மட்டும் ஊமை, மற்றவை ஒழுங்காக லேபிள் அடிக்கின்றன. அந்தச் 'சில மட்டும்'தான் துப்பு. அவர்கள் கிளஸ்டரின் நெட்வொர்க்குக்குப் போட்ட காலிகோ வழக்கமாகப் பாட்களுக்கு எடுத்துக்கொள்ளும் முகவரி வரிசை 192.168.0.0/16. எங்கள் லேனும் அதே 192.168. காலிகோ அதை 64 முகவரிகள் கொண்ட துண்டுகளாக்கி சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு சர்வரும் தன் துண்டுக்கு ஒரு பிளாக்ஹோல் ரூட் எழுதிக்கொள்கிறது. அந்தத் துண்டுக்குள் மாட்டிய பிரிண்டருக்கு லேபிள் சர்வரைத் தாண்டியே போகாது.

சனி

"எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிடுப்பா" என்றார் மேலாளர். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் நானும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியிருப்பேன். இது நிஜ சர்வர்; லேபிள் மென்பொருளும் இதில்தான் ஓடுகிறது.

"வேணாம் சார், கையாலயே துடைச்சிடறேன்."

கியூப்அட்மின் ரீசெட் கொடுத்தேன். சான்றிதழ்கள், ஈடிசிடி தரவு எல்லாம் போயின. நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் சிஎன்ஐ ஃபோல்டர், ஐபிடேபிள்ஸ் விதிகள், ஹோமில் இருக்கும் கியூப்கான்ஃபிக் இவற்றைத் தான் தொடவில்லை என்று கடைசியில் அதுவே எழுதிக்காட்டுகிறது. இவ்வளவு நாணயமான மென்பொருள் அபூர்வம். யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மிச்சத்தை அழித்து ரீபூட் செய்ததும் பிரிண்டர்களுக்கு வாய் திறந்தது.

ஞாயிறு

இம்முறை காலிகோவுக்குப் பதில் ஃபிளானல், 10.244 வரிசை. முதல் சர்வரில் சிக்கல் இல்லை. திரும்பி வந்த வெண்டர் பையன் துடைத்த இரண்டாவது சர்வர் 'ரெடி' என்கிறது, ஆனால் அதில் விழும் பாட்கள் எல்லாம் 'கன்டெய்னர் கிரியேட்டிங்'கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சிஎன்ஐ ஃபோல்டரைத் திறந்தால் 10-காலிகோ, 10-ஃபிளானல் இரண்டு கோப்புகள். கன்டெய்னர்-டி ஆங்கில அகரவரிசையில் முதலில் வருவதைத்தான் எடுக்கும். எஃப்புக்கு முன்னால் சி. செத்துப்போன காலிகோவிடம் முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறது.

"ரீபூட் பண்ணேனேண்ணா?"

"ரீபூட்ல மெமரில இருக்கிற ரூட்டுதான் போகும் தம்பி. டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எப்படிப் போகும்?"

காலிகோ கோப்பை அழித்தான், கொஞ்ச நேரத்தில் பாட்கள் ஓட ஆரம்பித்தன. அவன் லேப்டாப்பில் மட்டும் சான்றிதழ் யார் கொடுத்தது என்று தெரியவில்லை எனக் கட்டளைக்குக் கட்டளை பிழை. பழைய கியூப்கான்ஃபிக். அதையும் மாற்றவைத்தேன். லேன் முகவரி வரிசையைக் கேட்காமல் இன்ஸ்டால் தொடங்கக்கூடாது என்று வெண்டருக்கு மெயில் போட்டாயிற்று.