கடல் கொண்ட ஹால்சாண்ட்ஸ்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டக் கரையோரத்தில், ஸ்டார்ட் முனை வெளிச்சவீட்டுக்கு அண்மையில், செங்குத்தான ஒரு பாறைச் சரிவு உண்டு. அதன் மேலே நின்று நோக்கினால் கடலோரத்தில் சில இடிந்த சுவர்கள் தெரியும். ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் எஞ்சியிருப்பது இவ்வளவுதான்.

1891ஆம் ஆண்டில் இங்கே 37 வீடுகள் இருந்தன. 159 பேர் வாழ்ந்தனர். நண்டும் மீனும் பிடிப்பதே தொழில். ஆண்கள் கடலிலிருந்து மீளும்போது பெண்களும் கயிறு பிடித்துத் தோணிகளைக் கரையேற்றுவார்கள். நாய்களுக்குங்கூட அங்கே வேலையுண்டு! அவை அலைக்குள் நீந்திச் சென்று தோணியின் கயிற்றைக் கவ்வி வருமாம்.

வீடுகளுக்கு முன்னே அகன்ற கூழாங்கல் கரை கிடந்தது. ஊருக்கு மதில் அதுவே. எவ்வளவு பெரிய அலையும் அக்கற்களில் மோதி வலுவிழந்துவிடும்.

1897இல் அந்த மதிலில் கை வைத்தார்கள். பிளிமத் நகரிலே கடற்படைத் துறைமுகத்தை விஸ்தரிக்கக் கொங்கிரீட்டுக்குக் கல்லும் மணலும் தேவைப்பட்டன. அரசாங்கம் அனுமதி வழங்க, ஒப்பந்தக்காரர் இக்கரைக்கு அப்பால் கடலடியைத் தோண்டலானார். மீனவர் ஆட்சேபித்தனர். விசாரணையும் நடந்தது. அள்ளிய கல்லைக் கடலே மீண்டும் கொண்டுவந்து நிரப்பும் என்று கூறப்பட்டது. உண்மை வேறு. அக்கற்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஒதுங்கியவை; புதிதாக வந்து சேர வழியில்லை. படித்தவர்கள் அறியாததை, அன்றாடம் கரையைப் பார்த்திருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால், அவர்கள் பேச்சை யார் கேட்டார்?

ஏறத்தாழ 650,000 தொன் அள்ளப்பட்டபின், 1902இல் அனுமதி இரத்தானது. அதற்குள் கரை பல அடி தாழ்ந்துவிட்டது. புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் சில காலம் ஊரைக் காத்தன.

1917 ஜனவரி 26ஆம் திகதி இரவு. வடகீழ்க் காற்றும் பெருக்குக் கடலும் ஒன்றுசேர்ந்து வந்தன. மக்கள் பிள்ளைகளோடு இருளில் சரிவேறித் தப்பினர். ஓர் உயிரும் போகவில்லை என்பது பெரும் வியப்பு. மறுநாள் முடிவில் குடியிருக்கத்தக்கதாய் மிஞ்சியது ஒரேயொரு வீடு. நஷ்டஈட்டுக்கு அம்மக்கள் 7 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இவ்வூர்ப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையல்ல. ட்ரௌட் குடும்பத்துச் சகோதரிகளான பேஷன்சும் எல்லாவும் ஆண்களைப் போலத் தோணி செலுத்தி மீன் பிடித்தே வீட்டைத் தாங்கினர். கிராமம் அழிந்த அதே 1917இல், அருகே ஒரு கப்பல் வெடித்து மூழ்கியபோது எல்லா துடுப்பு வலித்துச் சென்று கடலில் தத்தளித்தோரைக் காப்பாற்ற உதவினார். அரசு அவருக்கு விருது வழங்கியது. பின்னர் அச்சகோதரிகள் சரிவின் மேலே ஒரு ஹோட்டலையும் கட்டி நடத்தினர்.

மிஞ்சிய அந்த ஒரு வீடு எலிசபெத் பிரெட்டிஜோனுடையது. அயலவர் எல்லோரும் போய்விட்டபின்னும் அவர் வெளியேறவில்லை. கோழிகள் வளர்த்துக்கொண்டு, தேடி வருவோருக்கு இடிபாடுகளைக் காட்டி, எந்த வீடு யாருடையது என்று சொல்லிக்கொண்டு, 1964இல் இறக்கும்வரை அங்கேயே தனியாக வாழ்ந்தார்.