சுடாதவர்களின் கடன்

எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. வெள்ளவத்தையில் பிறந்து, மயூராபதி அம்மன் கோயில் மணியோசையில் கண்விழித்து வளர்ந்தவன் நான். ஓர் உயிரைக் கொல்லாமல் இருப்பதுதான் பறவைகளுக்கு மனிதன் செய்யக்கூடிய பெரிய நன்மை என்று நெடுங்காலம் நம்பினேன். மாரிகாலம் வந்தால் மன்னாருக்குப் போய் வங்காலைக் கரையில் தொலைநோக்கியுடன் நிற்பேன். வடக்கே குளிர்நாடுகளிலிருந்து வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் நீலச்சிறகிகளும் ஆழம் குறைந்த நீரில் மேய்வதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. துவக்குத் தூக்குகிறவர்கள் இவற்றின் பகைவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கனடாவின் மேற்குக் கரையில், ஒரு வேட்டைக்காரனின் வள்ளத்தில் கழித்த காலைதான் என்னை வேறுவிதமாக யோசிக்க வைத்தது.

அண்ணர் குடும்பம் வன்கூவரில் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பெறாமகன் உரிமம் பெற்ற வாத்து வேட்டைக்காரன். பிரேசர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக்கு என்னையும் வரச் சொன்னான். பறவைகளை அருகில் பார்க்கலாம் என்ற ஆசையில் சம்மதித்தேன்.

இருட்டோடு தட்டையடி வள்ளத்தில் புறப்பட்டோம். கோரைப்புல் அடர்ந்த ஒரு வளைவில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, மோட்டரை நிறுத்தினான். மோட்டர் விசையில் வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது பறவையைச் சுடுவது அங்கே குற்றம். துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் போடக்கூடாது. சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்துதான் சுடலாம். மாலையில் சூரியன் மறைந்த அரைமணியோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளில் ஒருவர் எத்தனை வாத்துச் சுடலாம் என்று வரம்பு உண்டு. ஊசிவாலுக்கு அந்த வரம்புக்குள்ளேயே இன்னொரு சிறிய வரம்பு.

நேரம் வந்தபின், தலைக்கு மேல் ஒரு கூட்டம் சிறகடித்துப் போனது. அவன் துவக்கைத் தொடவில்லை.

“ஏன் விட்டாய்?” என்று கேட்டேன்.

“சித்தப்பா, என்ன வாத்து எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை. தெரியாமல் சுடேலாது.”

வெளிச்சம் கூடியதும் அவன் பெயர் சொல்லத் தொடங்கினான். நீண்ட கழுத்தும் கூர்வாலும் ஊசிவால். கட்டைக் கழுத்து, வெண்வயிறு என்றால் நாமத்தலை வாத்தின் அமெரிக்க இனம். இறகின் நிறத்தை வைத்தே ஆணா பெண்ணா என்பதையும் ஊகித்தான். எத்தனையோ மாரிகாலம் தொலைநோக்கி பிடித்த எனக்கு, பறக்கும் பறவையை அவனளவு விரைவாக இனங்காண வரவில்லை. வங்காலையில் நான் பார்க்கும் அதே ஊசிவால் இனம் அங்கும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவன் கையில் துவக்கு இருந்தது என்னைக் குழப்பியது.

பிறகு பச்சைத்தலை வாத்து ஒன்று தாழ்ந்து வந்தது. சுட்டான், விழுந்தது. என் அடிவயிறு கலங்கியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவன் உடனே வள்ளத்தைத் தள்ளிப் புல்லுக்குள் தேடி அதை எடுத்து வந்தான். விழுந்த பறவையைத் தேடாமல் விடுவதும், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதும் அங்கே சட்டவிரோதம். அவன் சுட்டது உருக்குச் சன்னங்களால். ஈயச் சன்னங்கள் சேற்றில் தங்கிவிடும். வாத்துகள் இரை அரைபடுவதற்காகச் சிறு கல்லை விழுங்கும் வழக்கமுடையவை. கல்லென்று ஈயத்தை விழுங்கி நஞ்சேறிச் சாகும். அதனால் பெரும்பாலான வலசைப் பறவைகளின் வேட்டையில் ஈயத்தைக் கனடா 1999 முதல் நாடு முழுவதும் தடைசெய்தது.

கரைக்குத் திரும்பியதும் தன் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினான். அதில் பறவை ஓவியத்தோடு ஒரு முத்திரை. 1985 முதல் கனடாவில் வலசைப் பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் பொதுவாக இந்த முத்திரைக்குப் பணம் கட்டவேண்டும். அந்தப் பணம் பறவைகளின் வாழிடங்களைக் காக்கப் போகிறது.

“இப்பிடிச் சேர்ற காசும் இருக்கிறதாலதான் சித்தப்பா, இந்தச் சேறு இன்னும் சேறா இருக்கு,” என்றான்.

அந்தச் சொல்லை என்னால் உதற முடியவில்லை. பிரேசர் கழிமுகத்தின் பழைய சதுப்பில் பெரும்பகுதி அணைகட்டப்பட்டு வயலாகவும் நகராகவும் மாறிவிட்டது. மிஞ்சியதைக் காக்க விஞ்ஞானிகளோடும் பறவை பார்ப்போரோடும் வேட்டைக்காரரும் நிற்கிறார்கள். அமெரிக்காவில் 1934இலேயே வாத்து முத்திரை வந்துவிட்டது. வறட்சியாலும் சதுப்பு வடிப்பாலும் வாத்துகள் அருகிய காலம் அது. அந்த முத்திரையில் சேரும் ஒவ்வொரு டொலரிலும் 98 சதம் வாழிடங்களை வாங்கவும் காக்கவும் செலவாகிறது.

நம் நாட்டிலும் தொடக்கம் இப்படித்தான். இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்புக்கென 1894இல் உருவான சங்கத்தைத் தொடங்கியவர்கள் வேட்டைக்காரர்கள். வரம்பில்லாத கொலையால் காடு வெறுமையாவதைக் கண்டவர்கள் அவர்கள். அச்சங்கமே இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக நிற்கிறது.

இங்கே வாத்து வேட்டை வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் விருந்தாளிப் பறவைகளுக்குக் காவலாக இருப்பது எனக்குப் பெருமை. என் கேள்வி சுடாத நம்மைப் பற்றியது. வெள்ளவத்தையிலிருந்து சற்று உள்ளே போனால் பெல்லன்வில - அத்திடிய சதுப்பு, 1990இலேயே சரணாலயம். கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்புப் பாதையில் போனால் முத்துராஜவெல. அதன் ஒரு பகுதி 1996இல் சரணாலயமானது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. இத்தனை இருந்தும் இந்தச் சதுப்புகளின் ஓரங்கள் மண்ணாலும் குப்பையாலும் நிரம்பிக்கொண்டே வருகின்றன. அங்கே வாத்தைக் கொல்ல எவரும் துவக்குத் தூக்கவில்லை. அது வந்து இறங்க நீர் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அந்த நீர் நமக்கும் வேண்டியது. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றதை நகரம் மறந்திருக்காது. மழைநீரை ஏந்திப் பொறுமையாகக் கால்வாய்களுக்கு விடுவது இந்தச் சதுப்புகள்தான். ஏந்தும் இடம் சுருங்கினால் தண்ணீர் நம் ஒழுங்கைகளுக்குள் வரும்.

பெறாமகன் சமைத்த வாத்துக்கறியை நான் தொடவில்லை, இனியும் தொடமாட்டேன். ஆனால் அவன் தான் எடுத்த உயிருக்குக் கணக்கு வைத்திருந்தான். எத்தனை, எந்த இனம், எந்தப் பருவம், அதற்கு ஈடாகத் தான் கட்டிய பணம் என்று எல்லாமே அவனுக்குத் தெரிந்திருந்தது. கொல்லாத நமக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. நாம் வாங்கும் மாடிவீடு எந்தச் சதுப்பை நிரப்பிய நிலத்தில் எழுந்தது, நம் குப்பை எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்று கேட்பதும் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். காணி வாங்கப் போகும் உறவினர்களிடம், அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று விசாரிக்கச் சொல்கிறேன். பறவை பார்க்க வரும் இளையவர்களை முதலில் அத்திடியவுக்குக் கூட்டிப்போய், நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டுகிறேன். பறவைகளின் பெயர்கள் அதற்குப் பிறகுதான். கொல்லாமை நமக்குக் கிடைத்த நல்ல மரபு. அந்த மரபில் வந்தவர்கள் நீருக்கும் சேற்றுக்கும் காவல் நிற்காவிட்டால், சுடாமல் இருந்ததால் மட்டும் வாத்துகள் பிழைக்கப்போவதில்லை.